வாடகை வீட்டில் இரண்டாவது பெயர்

சட்டக் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதியவர்கள் நான்கு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். ஒருவர் பெயரில் எடுத்த வாடகை வீட்டுக்கு இன்னொருவர் வாழ வந்திருக்கிறார். வந்தவருக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. மாத வாடகை 11,000 ரூபாய், முன்பணம் 50,000. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. தை மாதம் எனக்குத் திருமணம் நடந்தது. மனைவியை அழைத்து வந்த மறுவாரமே வீட்டுக்கார அம்மா, "ஒரு ஆளுக்குத்தான் வீடு கொடுத்தேன், இது உள்வாடகை மாதிரி" என்கிறார். மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும், முன்பணத்தில் இன்னும் 10,000 சேர்க்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்யச் சொல்கிறார். இப்போது தண்ணீர் மோட்டாரை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் போடுகிறார். யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நேரம் காலம் இல்லாமல் மேலே வருகிறார். என் மனைவி கதவைத் தட்டும் சத்தம் கேட்டாலே பயப்படுகிறாள். நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: ஒரு தவறும் செய்யவில்லை, தம்பி. முதலில் அதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கல்யாணமாகி வந்த பெண் தன் வீட்டுக் கதவுச் சத்தத்துக்குப் பயந்துகொண்டு இருப்பதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

உள்வாடகை என்பதற்குச் சட்டத்தில் தெளிவான பொருள் இருக்கிறது. வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறொருவரின் தனிப்பட்ட வசத்தில் விட்டுவிட்டு, அதற்குப் பணமோ பயனோ வாங்கிக்கொள்வதுதான் உள்வாடகை. வீடு உங்கள் கைவசம் இருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது, மனைவி உங்களுக்கு வாடகை தரவில்லை. குடும்பத்தார் கூட இருப்பதை உள்வாடகையாக நீதிமன்றங்கள் கருதுவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் "உள்வாடகைக்கு விடக் கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி உங்கள் மனைவியைத் தொடாது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர் என்னென்ன காரணம் சொல்லலாம் என்று அதன் 21-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. வாடகைப் பாக்கி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை என்று போகும் அந்தப் பட்டியலில் "வாடகைதாரர் திருமணம் செய்துகொண்டார்" என்று ஒரு காரணம் இல்லை.

கூடுதல் வாடகைக்கு வருகிறேன். ஒப்பந்தக் காலம் முடியும் வரை அதில் எழுதிய வாடகைதான் வாடகை. நடுவில் ஒருவர் விருப்பத்துக்கு உயர்த்த முடியாது. முன்பணத்துக்குச் சட்டம் பேசும் அளவு மூன்று மாத வாடகை, அதாவது உங்களுக்கு 33,000 ரூபாய். நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்த 50,000-ஐப் பற்றி இப்போது சண்டை வேண்டாம். அதற்கு மேல் பத்தாயிரம் கேட்க அவருக்கு நியாயம் கிடையாது. தண்ணீர்ச் செலவு மட்டும் உண்மையான விஷயம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால், ஆள் கூடினால் செலவும் கூடும். அதில் உங்கள் பங்கைத் தருகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஆனால் அதைத் தண்ணீர்க் கட்டணம் என்றே கொடுங்கள், வாடகை என்ற பெயரில் கொடுக்காதீர்கள். வாடகை என்று ஒரு மாதம் கொடுத்துவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் 13,000 என்பதே தொடக்கமாகிவிடும்.

மோட்டாரை நிறுத்துவது விளையாட்டான காரியம் அல்ல. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். அவரிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே வசதியைத் திருப்பித் தரும்படி இடைக்கால உத்தரவு போடலாம். மோட்டார் எந்த நேரம் ஓடியது, எத்தனை நிமிடம் ஓடியது என்று பத்து நாளுக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்ற ஒற்றை வரியைவிட அந்த நோட்டு ஆயிரம் மடங்கு பேசும். வீட்டைப் பார்க்க வருவதற்கும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இனி உங்கள் பக்கத்து ஓட்டையைச் சொல்ல வேண்டும். இருபது ரூபாய்த் தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறீர்கள். 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று ஊரெல்லாம் நம்புகிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்று இருப்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் காலத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகிப் பதிவு எண் பெற வேண்டும் என்கிறது. பதிவாகாத தாளை வைத்துக்கொண்டு நான் மேலே சொன்ன பாதுகாப்பை முழுதாகக் கேட்பது கடினம். சட்டப்படி ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் அவருக்கு வழி இருக்கிறது. பதிவுக்கு வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம்.

ஆகவே சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை நேரத்தில் கீழே இறங்கிப் போங்கள். புதிய ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யலாம், அதில் உங்கள் இருவர் பெயரும் வாடகைதாரர்களாக இருக்கட்டும், பதிவு வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டால் வாடகைக்கு இரண்டு பேர் பொறுப்பு. வீட்டுக்கார அம்மாவுக்கும் அது பாதுகாப்புதான். இதைச் சொன்னால் பலர் இறங்கி வந்திருக்கிறார்கள். அவர் ஒப்பாவிட்டால் 11 மாதம் முடிந்ததும் புதுப்பிக்க மறுக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறு வீடு தேடும் வேலையை இப்போதே மெல்லத் தொடங்குங்கள்.

மனைவியின் பெயரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் என் குடித்தனம் தொடங்கியது. நான் அப்போதே கறுப்பு அங்கி போட்டவள். ஆனால் வாடகை ரசீது, பால் அட்டை, எரிவாயு இணைப்பு எல்லாம் கணவர் பெயரில். வங்கிக் கணக்கு திறக்கப் போனபோது முகவரிச் சான்று கேட்டார்கள். பை முழுக்கத் தேடினேன், நான் அந்த வீட்டில் இருப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஊரார் வழக்கையெல்லாம் நடத்துகிறவள் என் முகவரிக்குச் சாட்சி இல்லாமல் நின்றேன். இன்று ஆதாரில் குடும்பத் தலைவரின் ஒப்புதலுடன் முகவரி மாற்ற 2023 முதல் வசதி இருக்கிறது. நல்லதுதான். என்றாலும் அதுவும் ஒருவர் ஒப்புதலில் தொங்கும் முகவரி. ஒப்பந்தத்தில் உள்ள பெயர் அப்படி அல்ல.

கேள்வி: வணக்கம் மேடம். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஏழு வயதில் ஒரு மகள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். மாத வாடகை 9,500 ரூபாயை 2021 முதல் என் கணக்கிலிருந்து கூகுள் பே மூலம் நான்தான் அனுப்பி வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் கணவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது வீட்டு உரிமையாளருக்குத் தொலைபேசியில், "நான் காலி செய்கிறேன், முன்பணம் 60,000-ஐ என்னிடம் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். உரிமையாளர் நல்லவர்தான். ஆனால், "ஒப்பந்தத்தில் உன் பெயர் இல்லையே அம்மா, மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடு" என்கிறார். எனக்குப் போக இடம் இல்லை. மகள் பள்ளி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

பதில்: அம்மா, சாவியைக் கொடுக்காதீர்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

"உன் பெயர் இல்லையே" என்பதுதான் இந்த நாட்டில் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய வாசகம். அதை எதிர்த்தே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் எழுதப்பட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வீடு "பகிர்ந்து வாழும் இல்லம்" ஆகும். அது சொந்த வீடாக இருக்கலாம், வாடகை வீடாக இருக்கலாம். இருவர் பெயரிலோ ஒருவர் பெயரிலோ இருக்கலாம். அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை உண்டா இல்லையா என்பதைப் பார்க்காமல், அங்கே வசிக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு தருகிறது.

அவர் என்னை அடிக்கவில்லையே, இது வன்முறை ஆகுமா என்று நீங்கள் யோசிக்கலாம். என்னிடம் வரும் பெண்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் நாற்காலியில் அமர்கிறார்கள். பொருளாதார வன்முறையும் வன்முறைதான் என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கான வாடகைப் பணத்தைத் தராமல் விடுவதையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் உங்களைப் போன்ற ஒருவரின் நிலையை நினைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

கணவர் "காலி செய்கிறேன்" என்று சொன்னது வீட்டின் மீதான தன் உரிமையைக் கைவிடும் செயல். அப்படிக் கைவிடக் கூடாது என்று 19-ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவர் அவருக்குத் தடை விதிக்கலாம். வாடகையைத் தொடர்ந்து கட்டும்படி சொல்லலாம். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது அதற்கான வாடகையைக் கொடு என்றும் உத்தரவிடலாம். மனு கொடுத்தால் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அது அறுபது நாளையும் தாண்டி நீளும். ஆகவே அவசரத்தை விளக்கி இடைக்கால உத்தரவு கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம்.

இந்த உத்தரவு உங்கள் கணவரைக் கட்டுப்படுத்தும். உரிமையாளர் மூன்றாம் மனிதர்; அவருக்கும் உங்களுக்கும் இடையே இருப்பது வாடகைச் சட்டம். அங்கே உங்களுக்குத் துணையாக ஒரு தீர்ப்பு உண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. வாடகைதாரரான கணவர் மனைவியைக் கைவிட்டுப் போய், வெளியேற்றும் வழக்கையும் எதிர்த்து நடத்தாமல் விட்டால், அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் மனைவி அவர் இடத்தில் நின்று வழக்கை நடத்தலாம் என்றது. வாடகையை ஒழுங்காகக் கட்ட வேண்டும், வாடகைதாரருக்கு உரிய கடமைகளை ஏற்க வேண்டும். கணவருக்கு உள்ளதைவிடக் கூடுதல் உரிமை அவளுக்கு வராது. விவாகரத்து ஆன பிறகு அந்த உரிமை தானாகத் தொடராது என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நாளை உங்கள் கணவர் பரஸ்பர விவாகரத்துக்குத் தாள் நீட்டினால், நீங்களும் மகளும் எங்கே வசிப்பது, அதற்கான வாடகை யார் கொடுப்பது என்ற பத்தி இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். விடுதலை கிடைத்தால் போதும் என்று அந்தப் பத்தியை விட்டுக்கொடுத்தவர்களைப் பின்னால் என் அலுவலக வாசலில் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: வாடகையை வழக்கம்போல் அதே எண்ணிலிருந்து அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். 2021 முதல் உள்ள வங்கி அறிக்கையை அச்செடுத்து வையுங்கள். உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். நான் இங்கே குழந்தையுடன் வசிக்கிறேன், வாடகை நான் தருகிறேன், காலி செய்யவில்லை, வீடு ஒப்படைக்கப்படாத நிலையில் முன்பணத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள். இவ்வளவு போதும். அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கும் தேவைப்படுவது கையில் ஒரு காகிதம்தான். கணவர் நாளை வந்து கேட்டால் காட்ட.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மனுவை எழுத அவர் உதவுவார், கட்டணம் இல்லை. 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையம் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மகள் பள்ளி மாறாமல் இருக்க வேண்டும் என்பதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். நடுவர்கள் அதைக் கவனித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: நானும் என் இணையரும் திருச்சியில் ஒன்றரை ஆண்டாகச் சேர்ந்து வாழ்கிறோம், திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒப்பந்தம் அவர் பெயரில். புதிதாக வந்த வீட்டு நிர்வாகி திருமணச் சான்றிதழ் கேட்கிறார், இல்லையென்றால் போலீஸ் வரும் என்கிறார். வருமா?

பதில்: வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்திவிட்டது. கோவையில் ஒரு விடுதி பூட்டப்பட்ட வழக்கில், திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. போலீஸ் என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்.

வீடு கொடுக்கும் முன்பே, திருமணமாகாத இணையருக்குக் கொடுப்பதில்லை என்று உரிமையாளர் மறுத்தால் அதைத் தடுக்க வழி குறைவு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் நிலைமை அதுதான். கொடுத்த பிறகு, பதிவான ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சான்றிதழ் இல்லை என்பதை வைத்து வெளியேற்ற முடியாது. ஒப்பந்தத்தில் யார் யார் குடியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியது வேறு. நான் முன் பதிலில் சொன்ன குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணையும் காக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட உறவு எது என்பதற்கு 2010-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்திருக்கிறது. இருவரும் திருமணத்துக்கு உரிய வயதும் தகுதியும் உடையவர்களாக இருக்க வேண்டும். நாலு பேர் முன் கணவன் மனைவி போலவே விளங்கிக் கணிசமான காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய நாள் உங்களுக்கு வரக் கூடாது. அன்பு நன்றாக இருக்கும்போதே ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். மனைவிக்காவது சட்டம் சில இடங்களில் தானாக வந்து நிற்கும். வாடகைதாரர் இறந்துபோனால், அவருடன் குடும்பமாக அதே வீட்டில் வாழ்ந்து வந்தவர்களில் மீதமுள்ள காலத்துக்கு முதல் உரிமை கணவன் அல்லது மனைவிக்கு என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரிசையில் இணையர் என்ற சொல் இல்லை.

கேள்வி: நான் மதுரையில் ஓய்வு பெற்ற ஆசிரியர், வீட்டு உரிமையாளர். எப்போதும் எங்களையே குற்றவாளி ஆக்குகிறீர்கள். மாடியை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். மனைவி வந்தாள், மகிழ்ச்சி என்றேன். இப்போது மனைவியின் தம்பி ஓர் அறையில் தனிப்பூட்டு போட்டுக் குடியிருக்கிறான். மாதம் 3,000 ரூபாய் மாமாவுக்குக் கொடுப்பதாக அவனே என்னிடம் சொல்கிறான். இதையும் குடும்பம் என்பீர்களா?

பதில்: இல்லை ஐயா, இது வேறு. மைத்துனன் நான்கு மாதம் சும்மா தங்கினால் அவன் விருந்தாளி. தனி அறை, தனிப் பூட்டு, மாதாமாதம் பணம் என்று மூன்றும் சேர்ந்தால் அது உள்வாடகைக்கு உரிய அடையாளம். அதற்கு வாடகைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பூட்டைக் கழற்றச் சொல்லியும் உள்வாடகையை நிறுத்தச் சொல்லியும் கடிதம் கொடுங்கள். கேட்காவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குள் தண்ணீரையோ மின்சாரத்தையோ தொட்டுவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

அந்தப் பெண் வந்தபோது மகிழ்ச்சி என்று சொன்ன மனம் உங்களுடையது. அடுத்த ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இவ்வீட்டில் வாடகைதாரரும், அவருடைய கணவன் அல்லது மனைவியும், அவர்களுடைய குழந்தைகளும், சார்ந்து வாழும் பெற்றோரும் குடியிருக்கலாம், வேறு எவரும் 30 நாளுக்கு மேல் தங்க வேண்டுமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும்." கீழே அந்தப் பெண்ணையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.